யார் சிலை என்று கேட்குமுன்

(கந்தளாயில் வாசிகசாலைக் கூட்டமொன்றில் நாம் ஆற்றிய உரை)



குளத்தைப் பற்றிப் பேசக் கந்தளாயில் ஆளுக்குக் குறைவில்லை. நெல்லைப் பற்றிப் பேசவும் குறைவில்லை. அரசியல் பேசுவதற்கோ, தேநீர்க் கடைக்குக் கடை அறிஞர்கள் அமர்ந்திருக்கிறார்கள். கல்லைப் பற்றிப் பேசத்தான் ஒருவரும் அகப்படவில்லை போலும், நம்மை அழைத்துவிட்டீர்கள். நாம் சிற்பியல்லோம், உளி பிடித்தறியோம். ஆயினும் அண்மையில் நமக்கு நேர்ந்த வெட்கக்கேடு ஒன்றை உங்கள் முன் சொல்லிவிடுவது நல்லது என்று எண்ணி வந்திருக்கிறோம்.

இவ்வூரவர் பதினான்கு பேர் ஒரு வானில் ஏறி, ஹபரணை வழியாகப் பொலன்னறுவைக்குச் சென்றோம். பராக்கிரம சமுத்திரத்தின் கட்டருகே, பொத்குல் விகாரைக்குச் சற்றுத் தொலைவில், ஒரு பெரும்பாறையில் செதுக்கப்பட்டு நிற்கும் மனித உருவத்தை நீங்கள் அறிவீர்கள். நேரில் காணாதவர்களும் படத்தில் கண்டிருப்பீர்கள். ஏறத்தாழ 11 அடி உயரம், நீண்ட தாடி, இரு கையிலும் ஏந்திய ஏதோ ஒரு பொருள். வானிலிருந்து இறங்கியதுதான் தாமதம், தகராறு தொடங்கிவிட்டது. "இது மகா பராக்கிரமபாகு மன்னன்" என்றார் ஒரு பெரியவர். "மன்னனுக்கு ஏது இந்தத் தாடி? இவர் அகத்தியர்!" என்றார் மற்றவர். "பொலன்னறுவைக்குப் புலத்திநகர் என்பதல்லவா பழம்பெயர்? ஆகவே இவர் புலத்திய முனிவர்" என்றார் மூன்றாமவர். கையிலிருப்பது ஓலைச்சுவடி என்று ஒரு கட்சி. அரச பாரத்தைக் குறிக்கும் நுகம் என்று எதிர்க்கட்சி. கூட வந்த சிறுவன் ஒருவன், "பப்பாளித் துண்டு மாதிரி இருக்கிறதே!" என்றான். அவனை அதட்டி அடக்கினார்கள். நாமும் தகராறில் கலந்துகொண்டோம். நமக்குத் தெரிந்த வரலாற்றையெல்லாம் அவிழ்த்துவிட்டோம். படம் பிடித்தோம். நேரமாகிறதென்று சாரதி அழைத்தார், ஏறிவிட்டோம்.

ஹபரணையில் தேநீருக்கு இறங்கியபோது, சித்திரம் பயிலும் மாணவி ஒருத்தி தன் கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். சிலையை வரையத் தொடங்கியிருக்கிறாள். வான் புறப்பட்டதால் இடுப்புக்குக் கீழே முடிக்க இயலவில்லை. "ஐயா, அந்தச் சிலை எந்தக் காலை ஊன்றி நிற்கிறது?" என்று கேட்டாள்.

பதினான்கு பேரில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை! அவர் யார் என்பதற்கு நம்மிடம் ஐந்து விடைகள் இருந்தன. அவர் எப்படி நிற்கிறார் என்பதற்கு ஒரு விடைகூட இல்லை. முக்கால் மணி நேரம் அவர் காலடியில் நின்று கூச்சலிட்டவர்கள் நாம்! வெட்கமாக இருந்தது, தோழர்களே. ஆகவே மறு வாரம், தனியாக, பேருந்தில் ஏறி மீண்டும் சென்றோம். யாரோடும் வாதாடாமல் பாறையெதிரே அமர்ந்தோம். அன்று கண்டதைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

சிலையின் வலக்கால்தான் உடலைத் தாங்குகிறது. இடமுழங்கால் தளர்ந்திருக்கிறது. இடத்தோள் சற்றே உயர்ந்து ஒடுங்கியிருக்கிறது. இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். இவ்வளவில்தான் அந்தச் சிற்பியின் வல்லமை முழுவதும் அடங்கியிருக்கிறது. விறைத்து நிற்கும் உருவத்தைச் செதுக்குவது எளிது. நடுவே ஒரு நூல் பிடித்து இடமும் வலமும் சமமாக அளந்துவிடலாம். சமபங்கம் என்று சிற்பநூலார் அதனைச் சொல்வர். ஒரு காலில் பாரத்தை இறக்கிவிட்டாலோ, எல்லாக் கணக்கும் மாறிவிடுகின்றது. இடுப்பு ஒரு புறம் ஏறும். தோள் அதற்கு ஈடுகொடுக்கும். கழுத்து அதற்கும் ஈடுகொடுக்க வேண்டும். ஓரிடத்தில் பிசகினாலும் உருவம் சாய்ந்து விழுவதுபோலத் தோன்றும். உங்களில் யாரேனும் எழுந்து, ஒரு காலில் பாரத்தை வைத்து நின்று பாருங்கள். வயலில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நீங்கள் நாள்தோறும் நிற்கும் நிலைதான் அது. நெடுநேரம் நின்று பழகியவன் நிலை. அந்தச் சிற்பி அரசனைச் செதுக்கினானோ முனிவனைச் செதுக்கினானோ, நிற்கும் மனிதனை நன்றாகப் பார்த்திருக்கிறான்!

அடுத்து, கைகளைப் பாருங்கள். கொழும்பு நூதனசாலையில் பொலன்னறுவை நடராசரைக் கண்டவர்கள் இங்கிருக்கலாம். அது வெண்கலம். மெழுகில் உருச்செய்து, உலோகத்தை உருக்கி வார்த்தது. ஆகவே கையை வீசலாம், காலைத் தூக்கலாம், சடையைப் பறக்கவிடலாம், வெண்கலம் தாங்கும். கல் தாங்காது. கருங்கல்லில் கையை நீட்டிவிட்டால், இன்றில்லாவிடினும் ஒரு நாள், மரக்கிளை விழுந்தோ மனிதர் கைபட்டோ முறிந்துவிடும். நம் கோயில்களில் மூக்கில்லாத, கையில்லாத உருவங்கள் எத்தனை! பொத்குல் சிற்பி என்ன செய்திருக்கிறான்? இரு கைகளையும் மடக்கி உடலுக்கு முன்னே கொண்டுவந்துவிட்டான். இரு கைகளையும் ஒரு பொருளால் இணைத்துவிட்டான். துருத்தி நிற்பது எதுவும் இல்லை. முதுகுப்புறத்தையோ பாறையிலிருந்து முற்றாகப் பிரிக்கவேயில்லை, பாறையே முதுகெலும்பு! எண்ணூறு ஆண்டுகளாக மழையும் வெயிலும் காடும் கடந்து அவர் நிற்பதற்கு இந்த அடக்கம் ஒரு காரணம் என்பது நமது எண்ணம்.

கையிலுள்ள பொருள் எது? சுவடியா, நுகமா? நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் நாம் அதட்டிய அந்தச் சிறுவனிடம் இந்த மேடையிலிருந்து மன்னிப்புக் கேட்கிறோம். அவன் ஒருவன்தான் அப்பொருளைப் பார்த்தவன்! அது நேர்கோடாக இல்லை, வளைந்திருக்கிறது என்பதைக் கண்டவன் அவன். அந்த வளைவு ஏன் அங்கே வேண்டும்? தாடி கீழ்நோக்கி இறங்குகிறது. இடையில் கட்டிய கச்சையின் நுனி கீழ்நோக்கித் தொங்குகிறது. உடலின் கோடுகள் யாவும் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. அவற்றையெல்லாம் நடுவிலே குறுக்காக மறிப்பது அந்த ஒரு பொருள்தான். கண் தலையிலிருந்து வழுக்கிக் காலுக்குப் போய்விடாமல் அது நிறுத்துகின்றது, குளத்துக்குக் கட்டுப்போல. அதனைத் தடிபோல் நேராகச் செய்திருந்தால் உருவம் இரண்டாக வெட்டுண்டதுபோல் இருக்கும். வளைத்ததனால் வயிற்றின் திரட்சியோடு அது இசைந்துகொள்கிறது. சுவடியானாலும் சரி, நுகமானாலும் சரி, பப்பாளியே ஆனாலும் சரி, அந்த வேலையை அது செய்கிறது.

முகத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தெரியவில்லை. கண்கள் பாதி மூடியிருக்கின்றன. உதடு இறுகியிருக்கிறது. கடுமையா, கவலையா, தியானமா என்று நாமும் வெகுநேரம் பார்த்தோம்; ஒவ்வொரு முறையும் வேறாகத் தோன்றிற்று. உடம்பிலோ நகையேதும் இல்லை! திறந்த மார்பு, இடத்தோளிலிருந்து இறங்கும் ஒரு நூல், தலையிலே உயர்ந்த ஓர் அணி, அரையிலே ஓர் ஆடை. அரசன் என்பதற்கு மணிமுடியும் மார்பணியும் இட்டுக் காட்டியிருந்தால் இன்று தகராறே எழுந்திராது. சிற்பி அப்படிச் செய்யவில்லை. மறந்தானா, வேண்டாமென்று விட்டானா? நகையில்லாத மேனியிலே தசையின் மேடும் பள்ளமும் தெரிகின்றன. நிழல் விழுவதற்கு இடமிருக்கிறது. கழுத்து நிறைய ஆரம் அடுக்கியிருந்தால் நாம் ஆரத்தை எண்ணிவிட்டுத் திரும்பியிருப்போம்.

இந்தச் சிலையைப் பார்த்த கண்ணோடு கல் விகாரைக்குச் சென்றோம். அங்கே வேறொரு பாடம். அது ஒரே நீண்ட பாறை. அதனைக் குடைந்து உள்ளே சென்று நான்கு புத்தர் உருவங்கள் அமைத்திருக்கிறார்கள். கிடக்கும் உருவம் 46 அடி நீளம். நிற்கும் உருவம் ஏறத்தாழ 23 அடி உயரம். அளவைச் சொல்லி வியப்பது எல்லோரும் செய்வது. நம்மை நிறுத்தியது அளவன்று. பாறையிலே இயற்கையாக ஓடும் வரிகள். கறுப்பும் வெளுப்புமாக அவ்வரிகள் உருவத்தின் முகத்திலும் மார்பிலும் குறுக்கே ஓடுகின்றன. குறையென்று அப்பாறையை விட்டுவிடவில்லை சிற்பி. சீவரத்தின் மடிப்புகளை இரட்டைக் கோடுகளாக, அலையலையாக வரைந்திருக்கிறான்; பாறையின் வரியும் ஆடையின் வரியும் ஒன்றையொன்று தொடர்ந்து ஓடுகின்றன. எது இயற்கை இட்ட கோடு, எது உளி இட்ட கோடு என்று தொலைவிலிருந்து சொல்வது கடினம்.

கிடக்கும் உருவத்தின் தலையணையைப் பாருங்கள். கல்லால் ஆன தலையணை தலையின் பாரத்தால் அமுங்கியிருக்கிறது! பஞ்சு அமுங்குவதைக் கல்லில் காட்டியிருக்கிறான். பாதங்களைப் பாருங்கள்: இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தவில்லை, மேலுள்ள இடப்பாதம் சற்றே பின்வாங்கியிருக்கிறது. இது உறக்கமன்று, பரிநிர்வாணம் என்பதை அந்தச் சிறு விலகலால் உணர்த்துவது சிற்ப மரபு. மரணம் என்னும் பெருஞ்செய்தியைச் சொல்ல அழும் முகங்கள் வேண்டியதில்லை, விரல் நுனிகள் விலகினால் போதும் என்று கண்டவர்களின் கலையை என்னவென்பது!

மார்பின்மேல் கைகளைக் குறுக்காக வைத்து நிற்கும் உருவத்தைப் பற்றியும் தகராறு உண்டு. அவர் ஆனந்த தேரர், ஆசானின் பிரிவுக்கு வருந்தி நிற்கிறார் என்றனர் சிலர். இல்லை, அவரும் புத்தரே, பிறர் துயருக்காகத் துயருறும் நிலை அது என்றனர் சிலர். தகராறு நடக்கட்டும், அறிஞர்களுக்கு அது தொழில். ஆனால் அந்தத் துயரம், யாருடையதாயினும், எதனால் நமக்குப் புலப்படுகிறது? முகத்தால் மட்டுமன்று. மற்ற உருவங்களின் கை மடியிலோ தலையணையிலோ அமர்ந்திருக்க, இவருடைய கைகள் மட்டும் நெஞ்சை மூடியிருக்கின்றன. அதனைப் பார்த்தவனுக்கே வாதிடும் உரிமை உண்டு என்போம். ஒரு குறையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பாறையைக் காப்பதற்காக இன்று மேலே கூரை இட்டிருக்கிறார்கள். காப்பது கடமைதான், மறுக்கவில்லை. ஆயினும் திறந்த வெயிலில் விழும் நிழலை எண்ணிச் செதுக்கிய கோடுகள் கூரை நிழலில் மங்கித்தான் தெரிகின்றன.

இவையெல்லாம் பௌத்தச் சிற்பங்களாயிற்றே, நமக்கென்ன என்று சிலர் மனதில் கேட்பது நமக்குக் கேட்கிறது. சரி, நம்முடையதைப் பார்த்தோமா? அதே பொலன்னறுவையில் வானவன் மாதேவி ஈச்சரம் இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் சோழர் எழுப்பிய முழுக் கற்றளி. அங்கு சென்றதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "இது நம்முடையது" என்றோம், படம் பிடித்தோம், திரும்பிவிட்டோம். அந்தச் சுவரில் சிற்பமே இல்லாத வெற்றிடங்கள் எத்தனை, அவ்வெறுமையால் மாடங்கள் எப்படி எடுத்துக்காட்டப்படுகின்றன என்று ஒருவரும் பார்க்கவில்லை. பிறருடையது என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். நம்முடையது என்றால் கண்ணை மூடிக்கொள்கிறோம். இரண்டிலும் கல் தோற்றுப்போகிறது!

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கந்தளாய்க் குளத்தைக் கட்டியவன் குளக்கோட்டன் என்று கோணேசர் கல்வெட்டு மரபு கூறும். இரண்டாம் அக்கபோதி என்று சூளவம்சம் கூறும். இதனைச் சொல்லி மோதிக்கொண்ட நண்பர்களை நாம் அறிவோம். 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் கட்டு உடைந்தபோது, அந்த வெள்ளம் எவர் வீட்டு வாசலிலும் நின்று கட்சி கேட்கவில்லை. இவ்வூர்க் கல்வெட்டுகளோ நம்மைவிடப் பெருந்தன்மை வாய்ந்தவை. பாலமோட்டையில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, பொலன்னறுவையிலிருந்து சோழரை வெளியேற்றிய முதலாம் விசயபாகுவின் ஆட்சியாண்டைச் சொல்லிக்கொண்டே, இங்கிருந்த சிவன் கோயிலுக்கு ஒரு பிராமணப் பெண் செய்த கொடையைப் பதிந்து வைத்திருக்கிறது. 1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லனின் கல்லாசனம் இக்கந்தளாயில் கிடைத்தது. அதிலுள்ள சிங்களச் சாசனம் பார்வதி சத்திரம் என்ற பெயரைக் குறிப்பிடுகிறது. இந்தக் கற்களை இரு தரப்பாரும் தத்தம் வழக்குக்குச் சாட்சியாக இழுத்திருக்கிறார்கள். கூண்டில் ஏற்றிய சாட்சியிடம் உன் அழகு யாது என்று யார் கேட்பார்?

வழக்கே வேண்டாம், வரலாறே வேண்டாம் என்பதல்ல நமது கருத்து. ஒரு சிலை யாருடையது, எந்தக் காலத்தது, யார் செலவில் எழுந்தது என்பன அறியத்தக்கவை. அவற்றை மறைப்பவர்களை எதிர்த்துப் பேசவும் வேண்டும். நாமும் பேசியிருக்கிறோம், இனியும் பேசுவோம். ஆனால் சிலையின் உருவே அதற்கு முதற்சான்று அல்லவா? உருவைப் படிக்கத் தெரியாதவன் உரிமை பேசினால், பிறர் எழுதியதைக் கிளிபோல் திருப்பிச் சொல்வதாகவே முடியும்.

ஒரு மனிதரை இங்கே நினைவூட்ட வேண்டும். ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்து குமாரசுவாமி என்ற ஈழத்தமிழரின் மகன். தாய் ஆங்கிலப் பெண்மணி. 1877இல் கொழும்பில் பிறந்தவர். அவர் இந்நாட்டுக்குத் திரும்பி வந்தபோது கலைஞராக வரவில்லை, நிலவியலாளராக வந்தார். கனிப்பொருள் ஆய்வுத் துறையை நடத்தினார். கல்லை உடைத்து அதற்குள் என்ன இருக்கிறதென்று பார்ப்பது அவர் தொழில். ஊரூராகக் கல்லைத் தேடிச் சென்றவரின் கண், கல்லில் உளி செய்த வேலையையும், மரத்தில், துணியில், தந்தத்தில் கை செய்த வேலையையும் கண்டுகொண்டது. 1908இல் அவர் வெளியிட்ட நூல் இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றியது. ஒரு தமிழ்த் தந்தையின் மகன், கண்டி நாட்டுக் கம்மாளரின் பட்டறையில் அமர்ந்து, அவர்கள் கோடு இழுக்கும் முறையைக் கற்று எழுதிவைத்தார். பின்னாளில் நடராசர் திருவுருவத்தின் பொருளை உலகுக்கு எடுத்துரைத்தவரும் அவரே. முன்னதில் பழகிய கண்தான் பின்னதையும் கண்டது.

இன்று நம் சந்திகளில் சிலைகள் எழுகின்றன. சீமெந்தால் செய்து, பொன்வண்ணம் பூசி, கண்ணுக்கு மையிட்டு நிறுத்துகிறோம். சிலைக்குழு கூடுகிறது, பெயர்ப் பலகையில் யார் பெயர் முதலில் என்பதில் மூன்று கூட்டம் கழிகிறது. சிலை எந்தக் காலை ஊன்றி நிற்கும் என்பது எந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலும் வருவதில்லை. ஆகவே நம் சிலைகள் எல்லாம் பள்ளிக்கூட வரிசையில் தண்டனைக்கு நிற்கும் பிள்ளைகளைப்போல் விறைத்து நிற்கின்றன. வீரனும் அப்படியே, புலவனும் அப்படியே, தியாகியும் அப்படியே! மாலை போடும்போது நிமிர்ந்து பார்க்கிறோம். மறு ஆண்டு மாலைக்குத்தான் மீண்டும் பார்க்கிறோம். பார்க்கத் தெரிந்த ஊருக்கு நல்ல சிலை கிடைக்கும். ஊர் பார்க்காது என்று தெரிந்தபின் சிற்பி எதற்காக உழைப்பான்?

நேரமாகிறது என்று தலைவர் மணியைப் பார்க்கிறார். வாசிகசாலையார் அடுத்த மாதம் மீண்டும் பொலன்னறுவைக்கு வான் ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார்கள். நாமும் வருகிறோம். ஒரே நிபந்தனை: சிலை எதிரே முதல் கால் மணி நேரம் யாரும் பெயர் சொல்லக் கூடாது. ஆளுக்கொரு பென்சிலும் தாளும் கொண்டுவர வேண்டும். வரையத் தெரியாதே என்று அஞ்ச வேண்டாம், நமக்கும் தெரியாது. அந்த மாணவி தன் படத்தை இம்முறை கால்வரை முடிக்கட்டும். அதுவரை சாரதி பொறுத்திருக்க வேண்டும்.

அவ்வளவு தொலைவு வர இயலாதவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறோம். வெள்ளிக்கிழமைகளில் திருகோணமலைக்குச் சென்று கோணேசப் பெருமானை வணங்குவோர் இங்கே பலர் இருக்கிறீர்கள். 1622இல் போர்த்துக்கீசர் அக்கோயிலை இடித்து, அதன் கற்களால் எழுப்பிய கோட்டையின் வாயிலுக்குள்தான் நுழைந்து போகிறீர்கள். அந்த வாயிற் கல்லிலே இரட்டைக் கயல் செதுக்கியிருக்கிறது. பாண்டியர் சின்னம் என்று எல்லோரும் சொல்வோம். அந்த மீன்களின் தலை எப்பக்கம் நோக்கியிருக்கிறது? நூறு முறையாவது அவ்வாயிலைக் கடந்திருக்கிறோம். இன்று காலை எண்ணிப் பார்த்தோம், நமக்கு நினைவில்லை. வரும் வெள்ளிக்கிழமை போகிறவர்கள் பார்த்துவந்து சொல்லுங்கள்.